மூன்று முறை கோப்பையைக் காத்த மாலுமி

பாய்மரப் படகுப் பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டு. படகு கட்டுவதற்கே ஒரு பெரும் செல்வம் வேண்டும். அதைப் பராமரிக்க இன்னொரு செல்வம் வேண்டும். ஆனால், ஒரு காலத்தில் அந்தப் பணக்காரர்களின் படகுகளை ஓட்டி, வெற்றியைத் தேடித் தந்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த மாலுமிகளே.

அந்தச் சம்பள மாலுமிகளில் முதல் இடத்தில் வைத்துப் பேசப்படுபவர் சார்லி பார்.

பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர். குள்ளமான உருவம். அடர்ந்த மீசை. அதிகம் பேசமாட்டார். 1899, 1901, 1903 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 'அமெரிக்கா கோப்பை' என்ற உலகப் புகழ் பெற்ற பரிசை அமெரிக்காவுக்குக் காத்துக் கொடுத்தவர் இவர்தான். மூன்று முறையும் சேர்த்து ஒரு பந்தயத்தில்கூட அவர் தோற்கவில்லை.

அந்த மூன்று முறையும் அவரிடம் தோற்றவர், தேயிலையால் உலகம் அறிந்த கோடீசுவரர் தாமஸ் லிப்டன்!

மளிகைக் கடையில்

ஸ்காட்லாந்து நாட்டில் கிளைட் நதி கடலோடு கலக்கும் இடத்தில் கூரக் என்ற சிறிய ஊர் இருக்கிறது. 1864-ம் ஆண்டு ஜூலை மாதம் சார்லி பார் அங்கே பிறந்தார்.

சிறு வயதில் அவரை ஒரு மளிகைக் கடையில் தொழில் பழகச் சேர்த்தார்கள். தராசும் பொட்டலமும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரைச் சுற்றிக் கடல். கண் முன்னே எந்நேரமும் படகுகள். கடையை விட்டு மீன் பிடிக்கும் தொழிலுக்குப் போனார்.

கிளைட் கரையில் அப்போது இரண்டு வகைப் படகுகள் இருந்தன. ஒன்று, வயிற்றுப் பிழைப்புக்கான மீன் படகு. இன்னொன்று, கிளாஸ்கோ நகரத்துத் தொழில் அதிபர்களின் பந்தயப் படகு. பந்தயப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் மீன் படகில்தான் இருந்தார்கள். எனவே, கோடை காலம் வந்தால் மீனவர்களில் பலர் பணக்காரர்களின் படகுகளில் வேலைக்குப் போவார்கள். பந்தயப் பருவம் முடிந்ததும் மறுபடி வலையைக் கையில் எடுப்பார்கள்.

சார்லியின் அண்ணன் ஜான் பார் அப்படிப் போய்ப் பெயர் எடுத்தவர். தம்பிக்கு வழி காட்டியவரும் அவர்தான்.

1880-களின் நடுவில், 'கிளாரா' என்ற பந்தயப் படகை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை வந்தது. கப்பலில் ஏற்றி அனுப்பும் வேலை அல்ல. அட்லாண்டிக் பெருங்கடலைப் பாய் விரித்துத் தாண்டியே கொண்டுபோக வேண்டும். சார்லிக்கு அமெரிக்கக் கரையோடு உறவு ஏற்பட்டது இப்படித்தான்.

அண்ணனின் தோல்வி

1887-ம் ஆண்டு ஜான் பாருக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. அமெரிக்கா கோப்பைக்காக ஸ்காட்லாந்திலிருந்து போன 'திசில்' என்ற படகுக்கு அவர் தலைமை மாலுமி ஆனார்.

இந்தக் கோப்பையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1851-ல் 'அமெரிக்கா' என்ற படகு இங்கிலாந்துக்கு வந்து, வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ஆங்கிலப் படகுகளைத் தோற்கடித்து, ஒரு வெள்ளிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று. 1857-ல் கோப்பை நியூயார்க் படகுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த நாட்டுக் கழகமும் சவால் விடலாம். வந்து வென்றால் எடுத்துப் போகலாம் என்பது நிபந்தனை. படகின் பெயரே கோப்பைக்கும் பெயர் ஆனது.

அதை மீட்க ஆங்கிலேயர் பல முறை முயன்றார்கள். முடியவில்லை. 'திசிலு'க்கும் முடியவில்லை. 'வாலன்டியர்' என்ற அமெரிக்கப் படகு இரண்டு பந்தயங்களிலும் அதை வென்றது. ஜான் பார் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

அண்ணன் வெல்ல முடியாத கோப்பையைத் தம்பி வென்றார். ஆனால், எதிர்ப் பக்கத்தில் நின்று வென்றார். விதியின் விளையாட்டு அப்படி!

பெயர் வாங்கித் தந்த படகு

1888-ல் 'மினர்வா' என்ற சிறிய படகு சார்லியின் பொறுப்பில் வந்தது. கிளைட் கரையில் புகழ் பெற்ற படகு வடிவமைப்பாளர் வில்லியம் ஃபைஃப் உருவாக்கிய படகு அது. நீரில் அமரும் நீளம் 40 அடி. அதையும் சார்லி அட்லாண்டிக்கைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

அமெரிக்காவில் அதே அளவுள்ள படகுகள் பல இருந்தன. 1889-ம் ஆண்டுப் பந்தயங்களில் 'மினர்வா' அவற்றைத் தொடர்ந்து தோற்கடித்தது. படகு நல்ல படகுதான். ஆனால், ஓட்டுபவன் யார் என்று பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு சார்லிக்கு வேலை தேடி அலையும் நிலை இல்லை. வேலை அவரைத் தேடி வந்தது.

அவர் அமெரிக்காவிலேயே தங்கினார். அந்த நாட்டின் குடியுரிமையும் பெற்றார்.

இந்தக் காலத்தில்தான் நத்தானியேல் ஹெரஷாஃப் என்பவரின் படகுகள் சார்லியின் கைக்கு வந்தன. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் படகு கட்டும் பட்டறை நடத்தியவர் ஹெரஷாஃப். பொறியியல் படித்தவர். அவரும் அதிகம் பேசாதவர். அவர் கட்டிய 'வாஸ்ப்', 'நவஹோ' போன்ற படகுகளை சார்லி ஓட்டினார்.

1893-ல் 'நவஹோ'வை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே வேல்ஸ் இளவரசரின் 'பிரிட்டானியா'விடம் பல முறை தோற்றார். தோல்வி என்றால் என்ன என்று தெரியாமல் வளர்ந்தவர் அல்ல அவர்.

1895-ல் 'விஜிலன்ட்' படகின் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்த ஆண்டுக் கோப்பையைக் காக்கப் போகும் புதிய படகு 'டிஃபெண்டர்'. அதோடு தேர்வுப் பந்தயங்களில் மோதும் பழைய படகு 'விஜிலன்ட்'. பெரிய படகுகளைக் கையாளும் பயிற்சி அங்கே அவருக்குக் கிடைத்தது.

வெளியூர்க்காரர் என்ற பேச்சு

அந்த நாளில் அமெரிக்கப் பந்தயப் படகுகளில் வேலை செய்த மாலுமிகளில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். ஸ்காண்டிநேவிய நாட்டவர்கள் அதிகம். கோப்பையைக் காப்பவர்கள் அமெரிக்கர்களாக இருக்க வேண்டாமா என்று ஒரு குரல் கிளம்பியது. அதனால் 1895-ல் 'டிஃபெண்டர்' படகுக்கு மெய்ன் மாநிலத்தின் டீர் ஐல் தீவிலிருந்து மீனவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள்.

1899-ல் மறுபடி சவால் வந்தது. கோப்பையைக் காக்க ஹெரஷாஃப் 'கொலம்பியா' என்ற படகைக் கட்டினார். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் வங்கி அதிபர் ஜே.பி. மார்கன். மாலுமிகள் இந்த முறையும் டீர் ஐல் தீவுக்காரர்களே.

தலைமை மாலுமியாக மட்டும் சார்லி பாரை நியமித்தார்கள்.

ஸ்காட்லாந்தில் பிறந்தவனிடம் அமெரிக்கக் கோப்பையைக் காக்கும் வேலையைக் கொடுப்பதா என்று பலர் முணுமுணுத்தார்கள். குடியுரிமை வாங்கினாலும் பேச்சு மாறவில்லையே என்றார்கள். எதிரே வரும் படகும் அவர் பிறந்த கிளைட் கரையைச் சேர்ந்த ஃபைஃப் வடிவமைத்தது. அதை ஓட்ட வருகிறவர்களிலும் கிளைட் கரைக்காரர் உண்டு. தோற்றால் என்ன பேச்சு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சார்லி யாருக்கும் பதில் சொல்லவில்லை. பயிற்சியைக் கடுமையாக்கினார்.

தேயிலை அதிபரின் சவால்

சவால் விட்டவர் தாமஸ் லிப்டன். அவர் கதையும் மளிகைக் கடையில்தான் தொடங்குகிறது. கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1871-ல் ஒரு சிறு கடை வைத்தார். அது பிரிட்டன் முழுவதும் கிளை விட்டது. 1890-ல் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை எழுந்தது.

அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். லிப்டனின் செல்வத்தில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது. அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி பந்தயப் படகுகளாகக் கடலில் மிதந்தது.

கடைக்காரர் என்பதால் இங்கிலாந்தின் பெரிய படகுக் கழகம் லிப்டனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் படகுக் கழகத்தின் பெயரால் சவால் விட்டார். படகுக்கு 'ஷாம்ராக்' என்று பெயர் வைத்தார்.

ஆக, மளிகைக் கடையில் பெரிய ஆளானவர் ஒரு பக்கம். மளிகைக் கடையை விட்டு ஓடிய கூலி மாலுமி மறுபக்கம். இருவரும் ஒரே நதிக்கரையில் பிறந்தவர்கள்!

முதல் வெற்றி

1899-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே பந்தயம். கரையிலும் நீராவிக் கப்பல்களிலும் பெரும் கூட்டம். கம்பியில்லாத் தந்தியைக் கொண்டுவந்த மார்கோனியே அங்கே வந்து, பந்தயச் செய்திகளைக் கடலிலிருந்து பத்திரிகைக்கு அனுப்பினார்.

ஆனால், காற்று இல்லை. காற்று வந்தால் மூடுபனி. பல நாட்கள் பந்தயம் தள்ளிப் போயிற்று.

அக்டோபர் 16-ந் தேதி காற்று கிடைத்தது. 'கொலம்பியா' 10 நிமிடம் 8 வினாடி வித்தியாசத்தில் வென்றது. மறுநாள் 'ஷாம்ராக்' படகின் மேல் மரம் முறிந்தது. 'கொலம்பியா' தனியே ஓடி முடித்தது. 20-ந் தேதி மூன்றாவது பந்தயம். பலத்த காற்று. 6 நிமிடம் 34 வினாடி வித்தியாசத்தில் சார்லி வென்றார்.

முணுமுணுப்பு அடங்கியது.

பழைய படகு, பழகிய கை

1901-ல் லிப்டன் 'ஷாம்ராக்-2' படகோடு வந்தார். அதை எதிர்க்க ஹெரஷாஃப் 'கான்ஸ்டிட்யூஷன்' என்ற புதிய படகைக் கட்டினார். அது 'கொலம்பியா'வைவிட வேகமான படகு என்று எல்லோரும் நம்பினார்கள். சார்லிக்குக் கிடைத்தது பழைய 'கொலம்பியா'தான். இந்த முறை அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவியர்கள்.

எந்தப் படகு கோப்பையைக் காக்கும் என்பதற்குத் தேர்வுப் பந்தயங்கள் நடந்தன. சார்லியின் உண்மையான திறமையை உலகம் கண்டது அப்போதுதான்.

பாய்மரப் பந்தயத்தில் படகுகள் கோட்டில் நின்று புறப்படுவதில்லை. நிற்க முடியாது. இரண்டு மிதவைகளுக்கு இடையே ஒரு கற்பனைக் கோடு. பீரங்கி வெடித்த பிறகு அதைத் தாண்ட வேண்டும். அதற்கு முந்திய சில நிமிடங்கள் படகுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வரும். எதிரியின் காற்றை மறைத்து, நல்ல இடத்தைப் பிடிப்பவருக்குப் பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் சார்லிக்கு நிகர் அவர்தான். நூறு அடிக்கு மேல் நீளமுள்ள படகை, ஒருவர் மட்டும் ஏறும் சின்னப் படகைப் போலத் திருப்புவார். எதிர்ப் படகை உரசுவது போல வருவார். பந்தய விதிகள் அவருக்கு மனப்பாடம். விதி எந்த அங்குலம் வரை இடம் கொடுக்கிறதோ அந்த அங்குலம் வரை போவார். 'கான்ஸ்டிட்யூஷ'னை ஓட்டியவர் விபத்துக்கு அஞ்சி ஒதுங்குவார். ஒதுங்கிய இடைவெளியில் 'கொலம்பியா' புகுந்து முன்னே போய்விடும்.

தேர்வுக் குழு வேகமான புதிய படகை விட்டுவிட்டுப் பழைய படகையே தேர்ந்தெடுத்தது.

'ஷாம்ராக்-2' லேசுப்பட்ட எதிரி அல்ல. முதல் பந்தயத்தில் 1 நிமிடம் 20 வினாடி வித்தியாசம்தான். இரண்டாவதில் 3 நிமிடம் 35 வினாடி. அக்டோபர் 4-ந் தேதி மூன்றாவது பந்தயம். 30 மைல் தூரம் ஓடி வந்த இரண்டு படகுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிவுக் கோட்டைத் தொட்டன. 'ஷாம்ராக்' 2 வினாடி முந்திவிட்டது!

ஆனால், கோப்பை லிப்டனுக்குக் கிடைக்கவில்லை. பாயின் பரப்பு அதிகமுள்ள படகு, குறைந்த படகுக்குச் சில வினாடிகள் விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 'ஷாம்ராக்' 43 வினாடி விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் பார்த்ததில் 'கொலம்பியா' 41 வினாடியில் வென்றது. எதிரி எத்தனை வினாடி முந்தினாலும் தாங்கும் என்ற கணக்கு ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சார்லிக்கு அது தெரியும்.

ராட்சதப் படகு

1903-ல் மூன்றாவது மோதல். 'ஷாம்ராக்-3' வந்தது. அதை வடிவமைத்தவர், சார்லிக்கு 'மினர்வா'வைத் தந்த அதே ஃபைஃப்.

ஹெரஷாஃப் இந்த முறை கட்டியது 'ரிலையன்ஸ்'. அதுவரை கோப்பைக்காகக் கட்டப்பட்ட படகுகளில் இவ்வளவு பெரியது இல்லை. உடலின் நீளம் ஏறக்குறைய 144 அடி. முன்னால் நீண்ட கட்டையின் நுனியிலிருந்து பின்னால் நீண்ட கட்டையின் நுனி வரை 201 அடி. நீர் மட்டத்திலிருந்து மர உச்சி வரை ஏறக்குறைய 200 அடி. பாயின் பரப்பு 16,160 சதுர அடி. நிலக் கணக்கில் சொன்னால் 37 சென்ட் இடத்தை மூடும் துணி!

அத்தனை பாயை ஒரே மரம் தாங்கியது. 64 பேர் வேலை செய்தார்கள். கயிறுகளை இழுக்க, தளத்துக்கு அடியில் பல் சக்கரப் பொறிகள் பொருத்தப்பட்டிருந்தன.

இப்படிப்பட்ட படகில் ஒரு சிறு தவறு நடந்தால் மரம் முறியும். முறிந்தால் ஆட்கள் சாவார்கள். காற்று சற்றுக் கூடினாலும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பறக்கும். அதை அடக்கி ஓட்டும் நிதானம் அந்தக் குள்ள மனிதருக்கு இருந்தது. பந்தயத்தின்போது தளத்தில் வீண் பேச்சு இருக்காது. அவர் கட்டளை மட்டும் கேட்கும்.

முதல் பந்தயத்தில் 'ரிலையன்ஸ்' 7 நிமிடம் 3 வினாடியில் வென்றது. இரண்டாவதில் 1 நிமிடம் 19 வினாடி. செப்டம்பர் 3-ந் தேதி மூன்றாவது பந்தயம். கடலில் மூடுபனி இறங்கியது. அந்தப் பனியிலும் 'ரிலையன்ஸ்' முடிவுக் கோட்டைச் சரியாகக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தது. 'ஷாம்ராக்-3' வழி தவறிப் போய்விட்டது. பந்தயத்தை முடிக்கவே இல்லை.

லிப்டன் மனம் தளராதவர். 1920-லும் 1930-லும் மறுபடி முயன்றார். ஐந்து முறை முயன்றும் கோப்பை கிட்டாமல் 1931-ல் காலமானார். சிரித்த முகத்தோடு தோற்றவர் என்று அமெரிக்க மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். தோற்றவருக்குக் கிடைத்த புகழில் பாதிகூட வென்ற மாலுமிக்குக் கிடைக்கவில்லை.

ஜெர்மன் சக்கரவர்த்தியோடு

1904-ல் 'இங்கோமார்' என்ற இரட்டை மரப் படகோடு சார்லி ஐரோப்பாவுக்குப் போனார். ஜெர்மனியில் கீல் துறைமுகப் பந்தயத்தில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைப் படகுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மின் 'மீட்டியார்' படகும் 'இங்கோமா'ரும் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கி வந்தன. காற்றை வலப் பக்கத்தில் வாங்கி வரும் படகுக்கு இடப் பக்கத்தில் வாங்கும் படகு வழி விட வேண்டும் என்பது கடல் விதி. வழி உரிமை 'இங்கோமா'ருக்கு இருந்தது. ஆனால், எதிரே வருவது சக்கரவர்த்தி! மோதினால் என்ன ஆகும்?

சார்லி தம் முதலாளியின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு, திருப்பாமல் நேரே வந்தார். கடைசி நேரத்தில் சக்கரவர்த்தியின் படகு வழி விட்டது. கடலில் விதிதான் ராஜா என்பதை ஒரு சம்பளக்காரர் காட்டிவிட்டார்.

அட்லாண்டிக்கைத் தாண்டிய ஓட்டம்

மறு ஆண்டு அதே சக்கரவர்த்தி ஒரு பந்தயம் அறிவித்தார். நியூயார்க் அருகே சாண்டி ஹூக் முனையிலிருந்து இங்கிலாந்தின் லிசர்ட் முனை வரை அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். சுமார் 3,000 கடல் மைல். முதலில் வருபவருக்குத் தங்கக் கோப்பை.

1905-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி 11 படகுகள் புறப்பட்டன. அவற்றில் ஒன்று 'அட்லாண்டிக்' என்ற மூன்று மரப் படகு. சொந்தக்காரர் வில்சன் மார்ஷல். தலைமை மாலுமி சார்லி பார். ஜெர்மன் கொடியோடு வந்த 'ஹாம்பர்க்' படகு கடும் போட்டியாக இருந்தது.

சார்லி வடக்கே விலகிய குறுக்கு வழியைப் பிடித்தார். தூரம் குறைவு. ஆனால், பனிப்பாறைகள் மிதக்கும் வழி அது. அங்கே மோதினால் கதை முடிந்தது.

நடுக்கடலில் புயல் வந்தது. அலைகள் தளத்தின் மீது புரண்டன. சுக்கான் சக்கரத்தைப் பிடித்தவர்கள் அடித்துப் போகாமல் இருக்கக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். படகின் சொந்தக்காரரும் அவருடைய விருந்தினர்களும் கூடவே பயணம் செய்தார்கள். பாய்களைக் குறைத்துப் படகை நிறுத்தி வைக்கலாமே என்று சொந்தக்காரர் சொன்னதாகவும், பந்தயத்தில் வெல்லத்தான் தம்மை வேலைக்கு வைத்திருக்கிறது, அந்த வேலையையே செய்யப் போவதாக சார்லி மறுத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

முதலாளியின் பேச்சையே மறுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட, படகு எவ்வளவு தாங்கும் என்ற நிச்சயம் வேண்டும். தவறினால் போவது அவருடைய வேலை மட்டும் அல்ல. படகில் உள்ள அத்தனை பேரின் உயிர். படகு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாங்கியது.

ஒரே நாளில் 341 கடல் மைல் ஓடினார்கள். 12 நாள் 4 மணி நேரத்தில் லிசர்ட் முனை தெரிந்தது. 'ஹாம்பர்க்' ஏறக்குறைய ஒரு நாள் பிந்தி வந்தது.

பாய்மரத்தால் அட்லாண்டிக்கை அவ்வளவு வேகமாக யாரும் தாண்டியதில்லை. அந்தச் சாதனை 75 ஆண்டு நின்றது. 1980-ல் பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி, மூன்று உடல்களை இணைத்துக் கட்டிய புதுவகைப் படகில் 10 நாள் 5 மணி நேரத்தில் தாண்டி அதை முறியடித்தார்.

சக்கரவர்த்தி கொடுத்த தங்கக் கோப்பைக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் மார்ஷல் அதைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். நிதி திரட்டிய பிறகு உருக்கப் பார்த்தால், உள்ளே மட்ட உலோகம், மேலே தங்க முலாம்! கோப்பை போலி. ஓட்டம் அசல்.

கடைசி நாட்கள்

1910-ல் ஹெரஷாஃப் கட்டிய 'வெஸ்ட்வர்ட்' என்ற பெரிய படகோடு சார்லி மறுபடி ஐரோப்பாவுக்கு வந்தார். கீல் துறைமுகத்திலும் இங்கிலாந்தின் கௌவ்ஸ் நகரத்திலும் பரிசுமேல் பரிசாக வென்றார். ஜெர்மனியின் கிருப் குடும்பத்தாரின் 'ஜெர்மானியா' உட்பட எந்தப் படகும் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அவருடைய திறமை உச்சத்தில் இருந்த காலம் அது.

அதுவே கடைசிப் பருவமாக முடிந்தது.

1911-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரில் மாரடைப்பால் சார்லி பார் திடீரென்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. புயலிலும் பனிப்பாறையிலும் தப்பியவருக்குச் சாவு கரையில் காத்திருந்தது.

எஞ்சியது என்ன?

அவர் ஓட்டிய பெரிய படகுகளில் பல இன்று இல்லை. 'ரிலையன்ஸ்' கோப்பையைக் காத்த அந்த ஒரு கோடையோடு சரி. 1913-ல் பழைய இரும்புக்குப் போயிற்று. 'கொலம்பியா'வையும் உடைத்துவிட்டார்கள். 'வெஸ்ட்வர்ட்' 1947-ல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடிக்கப்பட்டது. 'அட்லாண்டிக்' பாழடைந்து கிடந்து, 1982-ல் உடைக்கப்பட்டது. பின்னர் அதே அளவில் புதிதாக ஒரு படகு கட்டப்பட்டது.

அவர் காத்துக் கொடுத்த கோப்பையும் கை மாறிவிட்டது. 132 ஆண்டு அமெரிக்காவில் இருந்த அந்தக் கோப்பையை 1983-ல் ஆஸ்திரேலியப் படகு ஒன்று வென்று எடுத்துப் போயிற்று.

அவர் படகுகளின் சொந்தக்காரர்கள் மார்கன் போன்ற கோடீசுவரர்கள். வெற்றி விருந்துகளில் மாலை அவர்களுக்கு. கூலிக்காரர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த படகுக்குப் போவார். அன்றைய வழக்கம் அது. சொந்தமாக ஒரு பெரிய பந்தயப் படகு அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனாலும், காலம் கணக்கைச் சரி செய்துவிட்டது. ஹெரஷாஃபின் பட்டறை இருந்த பிரிஸ்டல் நகரிலேயே அமெரிக்கா கோப்பை வீரர்களுக்கான பெருமை மன்றம் அமைந்தது. அதில் சார்லி பாரின் பெயரும் இடம் பெற்றது. அந்தப் படகுகளுக்குப் பணம் போட்டவர்களில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. சுக்கான் பிடித்தவரின் பெயர் தெரியும்.

வெளியூர்க்காரன் என்றார்கள். கூலிக்காரன் என்றார்கள். பழைய படகைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: காற்றைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வேலையை ஒழுங்காகச் செய்தார்.